அன்ஸ்பீக்கபிள்: சொல்ல முடியாததா, சொல்லக் கூடாததா? ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தை அனுப்பி, "அண்ணே, இதுல தப்பு ஏதும் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டான். அதற்கு ஒரு மாதம் முன்பு அவனுடைய அப்பாவுக்கு நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்து திருநெல்வேலியில் ஐசியூவில் சேர்த்திருந்தார்கள். அந்த ராத்திரி அவனுடைய மேலாளர்தான் அவனை ஊருக்கு அனுப்பி வைத்தார். அப்பா பிழைத்து வீடு திரும்பியதும், அந்த மனிதருக்கு நன்றி சொல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். நடுவில் ஒரு வரி: "தேங்க் யூ ஃபார் யுவர் அன்ஸ்பீக்கபிள் கைண்ட்னஸ்."

நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அவன் மனதில் இருந்தது 'சொல்லி முடியாத அன்பு'. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அன்ஸ்பீக்கபிள் என்று கேட்டதும் படுகொலை, சித்திரவதை, குழந்தைகளுக்கு நடந்த கொடுமை இவைதான் நினைவுக்கு வரும். படித்தவர் ஒரு கணமாவது திகைத்திருப்பார்.

விஷயத்தைச் சொன்னேன். அவன் விடவில்லை. "பைபிள்லயே இருக்கே அண்ணே. 'அன்ஸ்பீக்கபிள் கிஃப்ட்'னு தானே போட்டிருக்கு? அம்மா தினமும் வாசிக்கிற வசனம்தான்" என்றான்.

அவன் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் நிற்கிறது என்பதை அன்று போனில் அரை மணி நேரம் அவனுக்கு விளக்கினேன். செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் அன்றாட வேலை. அதனால் இந்தச் சொல்லோடு பல வருடமாக மல்லுக்கட்டி வருகிறேன். அன்று சொன்னதையும் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லைப் பிரித்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

'அன்' என்பது எதிர்மறை. 'ஸ்பீக்' என்பது பேசுதல். 'அபிள்' என்பது இயலும், தகும் என்ற பொருள் தரும் விகுதி. மூன்றும் சேர்ந்தால் 'பேச இயலாத'. அழுத்தம் நடுவில் உள்ள 'ஸ்பீக்' மீது விழ வேண்டும். கடைசி அசையை 'ஏபிள்' என்று நீட்ட வேண்டாம், 'கபிள்' என்று மெல்ல விட்டுவிடுங்கள். ஸ்கூல், ஸ்பீடு போன்ற சொற்களின் முன்னால் நம் நாக்கு ஒரு 'இ'யைச் சேர்த்துக்கொள்ளும். இங்கே 'அன்' முன்னால் இருப்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

உச்சரிப்பு அவ்வளவுதான். பொருளுக்குத்தான் நேரம் வேண்டும்.

இரண்டாம் படி: உள்ளே இருக்கும் இரண்டு 'இல்லை'களைப் பிரித்தறியுங்கள்

இந்தப் படியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். 'அபிள்' என்ற விகுதிக்குள் இரண்டு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முன்னால் 'அன்' சேர்ந்ததும் ஒன்று முடியாமை ஆகிறது, இன்னொன்று கூடாமை ஆகிறது. 'ஈட்டபிள்' என்றால் சாப்பிட முடிகிற பொருள், சாப்பிடத் தகுந்த பொருள் இரண்டும்தானே? அதுபோல அன்ஸ்பீக்கபிள் என்றால் சொல்ல முடியாதது என்றும் வரும், சொல்லக் கூடாதது என்றும் வரும்.

தமிழில் நமக்கு இது சுலபமாகப் புரியும். ஏனென்றால் நாம் இரண்டையும் தனித்தனிச் சொல்லில் வைத்திருக்கிறோம். 'சொல்ல முடியாது' என்றால் வார்த்தை போதவில்லை. 'சொல்லக் கூடாது' என்றால் வார்த்தை இருக்கிறது, வாயில்தான் வரக்கூடாது. மலை உச்சியில் சூரியன் எழுவதைப் பார்த்தவர் முதல் வகையில் சொல்லிழந்து நிற்பார். வீட்டில் நடந்த ஒரு கொடுமையைப் பத்து வருடமாக மனதிலேயே புதைத்து வைத்திருக்கும் பெண் இரண்டாம் வகையில் வாய்மூடி இருப்பார். அவருக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

இன்றைய ஆங்கிலத்தில் அன்ஸ்பீக்கபிள் கனமாக ஒலிப்பதற்குக் காரணம், இந்த இரண்டும் ஒரே நேரத்தில் அதில் கேட்பதுதான். அளவு மிஞ்சிய கொடுமை என்பதால் சொல்ல முடியவில்லை. சொன்னாலே வாய் அழுக்காகிவிடும் என்பதால் சொல்லவும் மனம் வரவில்லை. இதற்கு நெருக்கமான தமிழ் 'நாக்கூசும்' என்பது. கூச்சம் என்ற உணர்ச்சி அதற்குள் இருக்கிறது.

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மன அதிர்ச்சி பற்றி 1992-இல் எழுதிய புத்தகத்தின் தொடக்கத்திலேயே இந்தச் சொல்லை எடுத்து வைக்கிறார். சில மீறல்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்குப் பயங்கரமானவை, அன்ஸ்பீக்கபிள் என்பதற்குப் பொருள் அதுதான் என்கிறார். ஆனால் புதைத்து வைத்தாலும் அவை புதைந்து கிடப்பதில்லை என்பதும் அவர் வாதம். இந்தப் பார்வைக்குக் கடைசிப் படியில் மறுபடி வருவோம்.

மூன்றாம் படி: பழைய பொருளையும் புதிய பொருளையும் காலத்தோடு சேர்த்துப் பாருங்கள்

1400-ஐ ஒட்டிய காலத்திலேயே இந்தச் சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்போது அதற்கு நல்லது கெட்டது என்ற சார்பு இல்லை. வார்த்தையில் அடங்காத எதையும் அப்படிச் சொன்னார்கள்.

1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளைப் பாருங்கள். இரண்டாம் கொரிந்தியர் 9-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனத்தில் கடவுளின் கொடைக்கு இந்த அடைமொழிதான். பழைய தமிழ்ப் பைபிளில் அதே இடம் 'சொல்லிமுடியாத ஈவு' என்று இருக்கிறது. முதலாம் பேதுரு 1:8-இல் வரும் 'ஜாய் அன்ஸ்பீக்கபிள்' தமிழில் 'சொல்லிமுடியாத' சந்தோஷம் ஆகிறது. தம்பியின் அம்மா வாசிப்பது இதைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இரண்டாம் கொரிந்தியர் 12:4. பரதீசுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மனிதன் அங்கே 'அன்ஸ்பீக்கபிள் வேர்ட்ஸ்' கேட்டான் என்று ஆங்கிலம் சொல்கிறது. மனிதன் அவற்றை உச்சரிப்பது முறையல்ல என்றும் உடனே சேர்த்துக்கொள்கிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அந்த வார்த்தைகளை 'வாக்குக்கெட்டாதது' என்றும் 'பேசப்படாதது' என்றும் இரண்டு விதமாகக் குறித்தார்கள். வாக்குக்கு எட்டாதது என்றால் முடியாமை. 'பேசப்படாது' என்றால் என்ன என்று தென்மாவட்டத்துப் பாட்டிகளைக் கேளுங்கள். "விளக்கு வச்சபிறகு அதைப் பேசப்படாது" என்பார்கள். அது கூடாமை. நான் இரண்டாம் படியில் ஒரு பத்தி எடுத்துச் சொன்னதை அந்த மொழிபெயர்ப்பு இரண்டே சொல்லில் வைத்துவிட்டது.

19-ஆம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. சொல்ல முடியாத அளவுக்கு மோசமான, கேவலமான என்ற பொருள் மேலே வந்தது. தாமஸ் கார்லைல் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1876-இல் எழுதிய ஒரு கடிதத்தில் துருக்கியரை 'தி அன்ஸ்பீக்கபிள் டர்க்' என்று எழுதினார். பல்கேரியாவில் துருக்கிய ஒட்டோமன் பேரரசின் படைகள் நடத்திய படுகொலைகளால் பிரிட்டன் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தொடர் அரசியல் கோஷமாகவே மாறிப்போனது. படுகொலையை அப்படிச் சொன்னால் நியாயம். ஒரு இனத்தின் பெயருக்கு முன்னால் ஒட்டினால் அது வெறுப்பாகிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அடைமொழியைச் செயலுக்குச் சேருங்கள், சமூகத்துக்குச் சேர்க்காதீர்கள்.

1893-இல் அரங்கேறிய ஒரு நாடகத்தில் ஆஸ்கார் வைல்ட் இதை இன்னொரு விதமாகப் பயன்படுத்தினார். குதிரையில் நரி வேட்டைக்குப் போகும் கிராமத்துக் கனவான்களைப் பார்த்து, சாப்பிடத் தகாததை, அதாவது 'அன்ஈட்டபிள்' ஒன்றைத் துரத்தி ஓடும் அன்ஸ்பீக்கபிள்கள் என்கிறது ஒரு பாத்திரம். இரண்டு சொல்லிலும் அதே 'அபிள்' விகுதி. இங்கே கொடூரம் எதுவும் இல்லை. 'சகிக்க முடியாத ஆட்கள்' என்ற அளவுக்குச் சொல் இலேசாகிவிட்டது.

அதற்கு இரண்டே வருடத்தில், 1895-இல், அதே வைல்ட் தன்பால் உறவுக்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். இ.எம். ஃபார்ஸ்டர் 1913, 1914 ஆண்டுகளில் எழுதி, அவர் இறந்தபிறகு 1971-இல்தான் அச்சேறிய ஒரு நாவலில், நாயகன் தன்னைப் பற்றி மருத்துவரிடம் சொல்லத் தவிக்கிறான். தான் ஆஸ்கார் வைல்ட் வகையைச் சேர்ந்த ஒரு 'அன்ஸ்பீக்கபிள்' என்றுதான் அவனுக்குச் சொல்ல வருகிறது. தன்னைக் குறிக்க அவனுக்குச் சமூகம் கொடுத்திருந்த ஒரே சொல், சொல்லக் கூடாதவன் என்பது. இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். அந்த நாவலே 50 வருடத்துக்கு மேல் வெளியே பேசப்படாமல் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

சரி, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வருவோம். 1978-இல் முழுமையாக வெளிவந்த நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் பைபிளில் மேலே சொன்ன மூன்று இடங்களிலும் இந்தச் சொல் இல்லை. கொடை 'இன்டிஸ்க்ரைபபிள்', அதாவது விவரிக்க முடியாதது ஆகிவிட்டது. மற்ற இரண்டும் 'இன்எக்ஸ்பிரெசிபிள்', அதாவது வெளிப்படுத்த முடியாதவை ஆகிவிட்டன. கடவுளின் கொடைக்கு முன்னால் இனி இந்தச் சொல்லைப் போட முடியாது என்று மொழிபெயர்ப்பாளர்கள் முடிவு செய்த அளவுக்குப் பொருள் நகர்ந்துவிட்டது. தம்பியின் கேள்விக்கு நான் சொன்ன நேரடிப் பதில் இதுதான்: அம்மா வாசிக்கும் வசனம் 400 வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இருந்து வந்தது, உன் மேலாளர் படிக்கப்போவது இன்றைய ஆங்கிலம்.

நான்காம் படி: எந்தச் சொற்களோடு சேரும் என்று காதைப் பழக்குங்கள்

ஒரு சொல்லின் குணம் அது யாரோடு பழகுகிறது என்பதில் தெரியும். அன்ஸ்பீக்கபிள் பழகுவது குரூயல்டி, ஹாரர், ஈவில், அட்ராசிட்டீஸ், கிரைம்ஸ், ஆக்ட்ஸ் இவற்றோடு. கொடுமை, பயங்கரம், தீமை, அட்டூழியம், குற்றம், செயல். அடுத்த வரிசையில் சஃபரிங், பெயின், கிரீஃப், லாஸ், டிராஜடி. இவை துன்பத்தின் சொற்கள். முதல் வரிசையில் சொல்லக் கூடாமை தூக்கலாக இருக்கும். இரண்டாம் வரிசையில் சொல்ல முடியாமை தூக்கலாக இருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் 'அன்ஸ்பீக்கபிள் கிரீஃப்' என்றால் அதில் அருவருப்பு துளியும் இல்லை, ஆழம்தான் இருக்கிறது.

ஜாய், பியூட்டி போன்ற நல்ல சொற்களோடு இன்றும் வருவது உண்டு, ஆனால் தேவாலயப் பாடல், கவிதை, பழைய நடை எழுத்து இவற்றில்தான். 'ஜாய் அன்ஸ்பீக்கபிள்' என்று அடைமொழி பின்னால் போய் நின்றாலே அது பைபிள் வாசனை என்று தெரிந்துகொள்ளலாம்.

வினையடையாக வரும்போது மட்டும் இந்தக் கட்டு கொஞ்சம் தளர்கிறது. 'அன்ஸ்பீக்கபிளி பியூட்டிஃபுல்' என்று இன்றைய எழுத்தாளர்களும் எழுதுகிறார்கள், யாருக்கும் உறுத்துவதில்லை. அங்கே அது அளவைக் காட்டும் சொல்லாக மட்டும் வேலை செய்கிறது.

பேச்சில் இலேசான பயன்பாடும் ஒன்று உண்டு, முக்கியமாக பிரிட்டிஷ் ஆங்கிலத்தில். 'தி காஃபி வாஸ் அன்ஸ்பீக்கபிள்' என்றால் காபியை வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம். மோசமான வானிலை, மரியாதை தெரியாத விருந்தாளி, எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்வார்கள். நீங்கள் அதைக் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் உங்கள் எழுத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. பிறமொழிக்காரர் எழுதும்போது அது மிகைச்சொல்லாக விழுந்துவிடும். காலையில் காபிக்குச் செலவழித்த சொல்லை மாலையில் ஒரு படுகொலைச் செய்திக்கு எடுத்தால் அதில் பாரம் மிஞ்சியிருக்காது.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் வைக்கும் விதம்

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கலாம், பயனிலையாகவும் வைக்கலாம். 'வாட் தே டிட் வாஸ் அன்ஸ்பீக்கபிள்' என்பது நல்ல ஆங்கிலம். முன்னால் 'வெரி' போடாதீர்கள். தமிழில் 'மிகவும் சொல்லொணா' என்று யாராவது சொல்கிறோமா? எல்லைக்கு அப்பால் போய்விட்டதை மறுபடி அளக்க முடியாது. 'ட்ரூலி', 'சிம்ப்ளி', 'ஆல்மோஸ்ட்' போடலாம். அவை அளவைக் கூட்டவில்லை, உறுதியைச் சொல்கின்றன அல்லது எல்லைக்கு எவ்வளவு பக்கம் என்று சொல்கின்றன. 'தி அன்ஸ்பீக்கபிள்' என்று தனியாக நின்றால் 'சொல்லத் தகாதது' என்ற பெயராகிவிடும்.

நம் ஆட்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழை உண்டு. மகிழ்ச்சியில் வாயடைத்துப் போனதைச் சொல்ல 'ஐ வாஸ் அன்ஸ்பீக்கபிள்' என்று எழுதிவிடுகிறார்கள். அதன் பொருள் 'நான் கேடுகெட்டவனாக இருந்தேன்' என்பது. வாயடைத்துப் போனவர் 'ஸ்பீச்லெஸ்'. மனிதர் ஸ்பீச்லெஸ், நடந்த சம்பவம் அன்ஸ்பீக்கபிள். இன்னொன்று 'அன்ஸ்போக்கன்'. அது சொல்லாமல் விட்டது மட்டும்தான். சொல்ல முடியும், சொன்னால் தப்பும் இல்லை, யாரும் சொல்லவில்லை. கணவன் மனைவிக்குள் ஒரு பார்வையிலேயே ஏற்படும் ஒப்பந்தம் 'அன்ஸ்போக்கன்'.

ஆறாம் படி: சொந்தக்காரச் சொற்களோடு ஒப்பிடுங்கள்

'இன்டிஸ்க்ரைபபிள்' சார்பில்லாதது. நல்லதற்கும் கெட்டதற்கும் போடலாம். சந்தேகமாக இருந்தால் இதை எடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். 'இன்எக்ஸ்பிரெசிபிள்' உணர்ச்சிக்கு உரியது, நடை கொஞ்சம் உயர்ந்தது. 'அன்அட்டரபிள்' இலக்கிய வாடை அடிக்கும் சொல், சோகத்துக்கும் வரும், இன்பத்துக்கும் வரும். 'அன்மென்ஷனபிள்' முழுக்க முழுக்கக் கூடாமைதான். முடியாமை அதில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கால்சட்டையைப் பெயர் சொல்லக் கூசி 'அன்மென்ஷனபிள்ஸ்' என்றே அழைத்தார்கள். 'அன்திங்கபிள்' என்றால் நினைத்துப் பார்க்கவே முடியாதது, நடக்கவே கூடாதது.

'அன்டோல்ட்' என்பது எண்ணிக்கையும் பரப்பும் மிஞ்சியதற்கு. 1945-இல் எழுதப்பட்ட ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையில், ஒரே வாழ்நாளில் இரண்டு போர்கள் மனிதகுலத்துக்குக் கொண்டுவந்த துயரத்துக்கு இந்த அடைமொழிதான். 1998-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்காக ஏற்கப்பட்ட ரோம் சட்டத்தின் முகவுரையோ, அந்த நூற்றாண்டில் லட்சக்கணக்கானோர் பலியான அட்டூழியங்களை 'அன்இமேஜினபிள்' என்றது. கற்பனைக்கு எட்டாதவை. முதலாவது துயரத்தின் பரப்பைப் பார்க்கிறது, இரண்டாவது செயலின் தன்மையைப் பார்க்கிறது. அகராதியில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் சொற்கள் இவ்வளவு தூரம் விலகியும் நிற்கும்.

பேச்சுக்கு எட்டாதது என்று பொருள் தரும் 'இன்எஃபபிள்' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அன்ஸ்பீக்கபிள் விட்டுக்கொடுத்த புனிதமான இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது இதுதான். லத்தீனில் 'ஃபாரி' என்றால் பேசுதல், அதிலிருந்து வந்த சொல். 'இன்ஃபன்ட்' என்ற சொல்லும் அதே வேர்தான், பேசாதது என்று பொருள். குழந்தையும் கடவுளும் ஒரே வேரில் பேச்சுக்கு வெளியே நிற்கிறார்கள்.

இந்தச் சொல்லை எந்த அகராதியையும்விட அருணகிரிநாதர் எனக்குத் தெளிவாகப் புரியவைத்தார். கந்தரனுபூதியில், ஆசை என்ற விலங்கு தூளான பிறகு 'பேசா அநுபூதி' பிறந்தது என்கிறார். அது இன்எஃபபிள். அங்கே அன்ஸ்பீக்கபிள் போட்டு மொழிபெயர்த்தால் பாட்டு கெட்டுப்போகும். 'கண்டவர் விண்டதில்லை' என்று நாம் சொல்வதும் இதைத்தான்.

திருமூலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அகக்கண்ணால் காணும் ஆனந்தத்தைச் சொல் என்று கேட்டால் எப்படிச் சொல்வது என்பதற்கு அவர் காட்டும் உவமை: தாய் தன் கணவனோடு கூடிய சுகத்தைச் சொல் என்று மகள் கேட்டால், சொல்லுமாறு எங்ஙனே? யோசித்துப் பாருங்கள். அந்தச் சுகம் வார்த்தைக்கு எட்டாதது, அனுபவித்தால்தான் தெரியும். அதோடு தாய் மகளிடம் வாய்திறந்து சொல்லக் கூடாததும்கூட. முடியாமையும் கூடாமையும் ஒரே உவமையில், அதுவும் ஆனந்தத்தின் பக்கம். 1611-இன் ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு அன்ஸ்பீக்கபிள் அச்சாகப் பொருந்தியிருக்கும். இன்றைய ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல் கிடையாது.

ஏழாம் படி: தமிழாக்கும்போது

எங்கள் செய்தி மேசையில் ஒருநாள் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நீதிமன்றச் செய்தியைத் தமிழாக்கி நீட்டினார். 'அன்ஸ்பீக்கபிள் ஆக்ட்ஸ்' என்பது 'பேச முடியாத செயல்கள்' ஆகியிருந்தது. படித்தால் என்னவோ செயல்களுக்குப் பேச வராது போல இருந்தது. எந்த 'இல்லை' இங்கே தூக்கல் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூடாதுங்கிறதுதான் சார்" என்றார். 'சொல்லவே நாக்கூசும் செயல்கள்' என்று மாற்றினார். அப்புறம் அவருக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

துயரம், வேதனை, இழப்பு என்றால் முடியாமை. அங்கே 'சொல்லொணாத் துயரம்', 'வார்த்தையில் அடங்காத வேதனை'. கொடுமை, குற்றம் என்றால் 'நாக்கூசும்', 'வாயால் சொல்லத் தகாத'. பழைய நடையில் மகிழ்ச்சி வந்தால் 'சொல்லி மாளாத சந்தோஷம்'. காபி என்றால் 'வாயில் வைக்க முடியவில்லை', சொற்பொழிவு 'அன்ஸ்பீக்கபிளி டல்' என்றால் 'தாங்க முடியாத அறுவை'. அடைமொழியை அடைமொழியாகவே கொண்டுவர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "அந்தக் கொடுமையை எந்த வாயால் சொல்வது" என்று வாக்கியத்தையே திருப்பினால் பல நேரம் தமிழ் நன்றாக வரும்.

எழுத்துப்பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'சொல்லெண்ணா' என்று பலர் எழுதுகிறார்கள். எண்ணுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்ல ஒண்ணாத, அதாவது சொல்ல இயலாத. எனவே 'சொல்லொண்ணா' அல்லது 'சொல்லொணா'.

எட்டாம் படி: எங்கே பயன்படுத்தக் கூடாது

எனக்கு இந்த வழிகாட்டியில் மிகவும் முக்கியமான படி இது. புகார் மனு, மருத்துவக் குறிப்பு, நிறுவனத்தின் விசாரணை அறிக்கை, சாட்சியம் இவற்றில் இந்தச் சொல்லை எழுதாதீர்கள். 'அவர் எனக்கு அன்ஸ்பீக்கபிள் திங்ஸ் செய்தார்' என்று எழுதினால் படிப்பவர் பரிதாபப்படுவார், ஆனால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. குற்றவாளிக்கு அது வசதி. தேதி, இடம், செய்த செயல், சொன்ன வார்த்தை, இவற்றைக் கூசாமல் அப்படியே எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அது கடினம் என்று தெரியும். பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரை வைத்துக்கொண்டு எழுதலாம், இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடைமொழி அந்த இடத்தை நிரப்பிவிட விடக்கூடாது. ஹெர்மனும் இதைத்தான் சொல்கிறார். நடந்ததை நினைவுகூர்வதும் உண்மையைச் சொல்வதும் காயம் ஆறுவதற்கான வழி.

வரலாறும் அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. 1941 ஆகஸ்ட் 24 அன்று சர்ச்சில் வானொலியில் பேசினார். சோவியத் மண்ணில் நாஜிப் படைகள் செய்வதைப் பற்றிச் சொல்லி, பெயரில்லாத ஒரு குற்றத்தின் முன்னால் நிற்கிறோம் என்றார். ராஃபேல் லெம்கின் என்ற போலந்து நாட்டு யூத சட்ட அறிஞர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. கிரேக்கத்தில் இனம் என்று பொருள்படும் 'ஜெனோஸ்', லத்தீனில் கொலையைக் குறிக்கும் 'சைட்', இரண்டையும் ஒட்டி 1944-இல் வெளியான தன் புத்தகத்தில் 'ஜெனோசைட்' என்ற சொல்லை வைத்தார். 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் சபை இனப்படுகொலைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. பெயர் வைத்த பிறகுதான் அதைச் சட்டத்தில் எழுத முடிந்தது, குற்றம் சாட்ட முடிந்தது. இன்று ஒரு செய்தியில் கொடுமையைப் பார்த்ததும் என் விரல் 'சொல்லொணா' என்று தட்டச்சப் போகும்போது லெம்கினை நினைத்துக்கொள்வேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டேனா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகும் மிச்சம் இருந்தால் மட்டும் அந்தச் சொல்லைப் போடுவேன்.

இரங்கல் கடிதத்தில் போடலாமா என்று கேட்பார்கள். 'யுவர் அன்ஸ்பீக்கபிள் லாஸ்' என்பது தவறில்லை. பிள்ளையை இழந்தவர், விபத்தில் குடும்பத்தை இழந்தவர் என்றால் பொருந்தும். 95 வயதில் நிறைவாக வாழ்ந்து போன தாத்தாவுக்கு எழுதினால் பொருந்தாது.

தம்பியின் கடிதத்துக்கு வருகிறேன். 'இன்டிஸ்க்ரைபபிள்' என்று மாற்றிவிடலாமா என்று கேட்டான். மாற்றலாம், இலக்கணம் சரியாகிவிடும் என்றேன். பிறகு, "அவர் அன்னைக்கு என்ன செஞ்சார்? அதை முதல்ல என்கிட்ட தமிழ்ல சொல்லு" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான். இரவு 2 மணிக்குக் கதவைத் தட்டியிருக்கிறான். அவர் லுங்கியோடு வந்து திறந்திருக்கிறார். பாஸ்போர்ட் அலுவலகப் பெட்டியில் இருந்ததால், அவரே காரை எடுத்துப் போய்ப் பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். தன் கார்டில் டிக்கெட் போட்டிருக்கிறார். விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது சட்டைப்பையில் 500 திர்ஹாமை வைத்து, "திருப்பித் தருவதைப் பற்றி இப்போது யோசிக்காதே" என்றிருக்கிறார்.

அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். எட்டு வரி வந்தது, எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். அடைமொழி ஒன்றுகூட இல்லை. அனுப்பிவிட்டு மறுநாள் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். மேலாளரின் பதில் ஒரே வரி: "ஹவ் இஸ் யுவர் ஃபாதர் வாக்கிங் நவ்?"